துள்ளலை அடக்கும் சிறு கருவி

வண்டியின் பாரத்தைத் தாங்குவது சுருள்வில். அதன் துள்ளலை அடக்குவது ஷாக் அப்ஸார்பர். இவ்விரண்டும் ஒன்றே எனக் கருதுவோர் நம்மிடையே பலர். மேடு பள்ளத்தை வில் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஏற்ற அசைவைத் தானே நிறுத்த அறியாது. அவ்வாட்டத்தை எண்ணெயின் தடையால் வெப்பமாக மாற்றி ஒடுக்குவதே ஷாக் அப்ஸார்பரின் தொழில்.

ரயில்வே எழுத்தராகிய எமக்கு இவ்வுண்மை புதிதன்று. 1955-இல் தொடங்கப்பெற்ற பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை 2018 வரை கட்டிய பழைய வகைப் பெட்டிகளில், சக்கர அச்சருகே உள்ள வில்லின் நடுவில் எண்ணெய் நிறைந்த சிறு கலம் ஒன்று அமைந்திருக்கும். அதில் எண்ணெய் குறைந்தால் பெட்டி ஆடும். பயணிகளின் உறக்கம் கெடும்.

திருவனந்தபுரம் கரமனையில் எம் இல்லத்திற்கு அருகே நாகர்கோவில் அன்பர் ஒருவர் வாழ்கிறார். அவரிடம் எம்.ஜி.பி. என்னும் இரண்டு இருக்கை கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை, ஐந்து லட்சத்திற்கு மேல் செய்யப்பெற்ற வகை அது. மலேசியாவில் பணியாற்றிய தந்தையார் ஊர் திரும்புகையில் கொணர்ந்தது. மகனார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துப் போற்றி வருகிறார்.

எண்பது வயதைக் கடந்த அன்னையார், கணவரோடு சென்று வந்த அதே காரில் மீண்டும் ஒருமுறை சுசீந்திரம் சென்று தாணுமாலயனைத் தொழ விரும்பினார். ஆனால் அவருடைய முதுகெலும்பு தேய்ந்திருந்தது; குலுங்கும் பயணம் ஆகாதென மருத்துவர் எச்சரித்திருந்தார். காரோ, பம்பரின் மூலையை அழுத்திவிட்டால் ஒருமுறை எழுந்து அடங்காமல், மூன்று நான்கு முறை துள்ளியது. நிறுத்திய இடத்தில் எண்ணெய்த் துளிகளும் தென்பட்டன.

ஒரு பட்டறையில், கடினமான வில் பொருத்தினால் போதும் என்றனர். மற்றொன்றில் எண்ணெய் நிரப்பி அனுப்பினர்; ஒரே வாரத்தில் அது ஒழுகிப் போயிற்று. பின்னர், சாலைக் கடைத்தெருவை அடுத்துத் தொழில் செய்யும் முதிய மேஸ்திரி ஒருவரை நாடினோம். அவர் கருவியைத் துடைத்துப் பார்த்து, "வில்லைக் கடினமாக்கினால் குலுக்கல்தான் மிகும், அண்ணாச்சி. தண்டு சுழலும் துளையே தேய்ந்து அகன்றிருக்கிறது. ஓட்டைக் குடத்தில் எத்தனை நாள் நீர் ஊற்றுவீர்கள்?" என்றார்.

ஆகவே, துளைக்குப் புதிய புஷ்ஷும் எண்ணெய்த் தடுப்பும் இட்டுச் செப்பனிட்ட நான்கு ஷாக் அப்ஸார்பர்களை இங்கிலாந்திலிருந்து வருவித்தார் நண்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாம் மூவரும் வேலையைத் தொடங்கினோம்.

இக்காரில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முன்புறத்தில் ஷாக் அப்ஸார்பரின் கையே சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கையுமாகும். கீழே தாங்கல் இன்றி அதனைக் கழற்றினால், அமுங்கியிருக்கும் வில் சீறிப் பாய்ந்து ஆளையே வீழ்த்திவிடும். ஆதலின் மேஸ்திரி முதலில் சேசிஸை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தினார். பின்னர் வில் அமர்ந்த தட்டின் அடியில் ஜாக்கியை வைத்துச் சற்று உயர்த்தினார். பிரேக் குழாய் இழுபடாதவாறு சக்கர அச்சைக் கயிற்றால் கட்டிய பிறகே, மேலிருந்த நான்கு போல்ட்டுகளை அகற்றினார். புதியதை நிமிர்த்திப் பிடித்து, அதன் கையைப் பலமுறை மேலும் கீழும் அசைத்துக் காற்றை வெளியேற்றிப் பொருத்தினார். பின்புறத்தில் தட்டுவில்; ஒவ்வொன்றிற்கும் இரண்டே போல்ட்டு; வேலை எளிதில் முடிந்தது. ரப்பர் புஷ்களின் இறுதி முறுக்கைக் கார் தன் சக்கரங்களில் நின்ற பின்னரே கொடுத்தார். பட்டறைக்கு வந்த நாள் முதல் அவர் அவசரப்பட்டு யாம் கண்டதில்லை.

அடுத்த வெள்ளியன்று அன்னையாரும் மகனாரும் அக்காரில் செல்ல, யாம் பின்னே வேறொரு வண்டியில் தொடர்ந்தோம். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியிக்காவிளை கடந்து மார்த்தாண்டத்தில் தேநீர் அருந்த நிறுத்தினோம். "வலிக்கிறதா அம்மா?" என்று மகனார் வினவினார். "வலியா? உன் அப்பா இதைவிட வேகமாக ஓட்டுவார்" என்றார் அன்னையார்.

ஷாக் அப்ஸார்பர் ஒரே நாளில் கெடுவதன்று. அது சிறிது சிறிதாகத் தளர்வதால், நாள்தோறும் ஓட்டுபவருக்கே குறை புலப்படாது. தளர்ந்துவிட்டாலோ சக்கரம் சாலையை விட்டு எழும்பும். பிரேக் இட்டாலும் வண்டி குறித்த இடத்தில் நில்லாது. பொங்கலுக்கும் கோவில் கொடைக்கும் பிள்ளைகளோடும் முதியோரோடும் ஊர் செல்லும் அன்பர்கள், புறப்படுமுன் தத்தம் வண்டியின் நான்கு மூலைகளையும் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார்களாக. பழுது கண்டால் ஒன்றை மட்டும் மாற்றாமல், இடமும் வலமும் இணையாக மாற்றுதல் நலம்.