வீட்டில் ஒரு வாள்

வாள் வைத்திருப்பவன் என்றால் ஜனங்கள் முதலில் மீசையைத் தேடுகிறார்கள். எனக்கு இருப்பது மூக்குக்கண்ணாடிதான். ஆகவே சுரண்டையில் என் வீட்டுக் கூடத்துக்கு வருகிறவர்கள் சுவரைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், சந்தேகத்தோடு மறுபடியும் சுவரைப் பார்க்கிறார்கள்.

சுவரில் இருப்பது கூடைப்பிடி வாள். பிடியைச் சுற்றி இரும்புப் பட்டைகளை வளைத்து, பூக்கூடையைக் கவிழ்த்தாற்போல் ஒரு கூண்டு செய்திருக்கிறது. கையை உள்ளே விட்டுப் பிடித்தால் விரல்கள் பத்திரமாக இருக்கும். ஸ்காட்லாந்து மலைநாட்டார் ஏந்திய வாளின் மாதிரி இது. அசல் அல்ல. விலை, சுமாரான ஓர் இரும்புப் பீரோவின் விலை. ஓரம் மழுங்கல்; வெண்டைக்காய்கூட நறுக்காது.

"பீரோவாய் வாங்கியிருந்தா நாலு சேலையாவது வைக்கலாம்" என்பது என் மனைவியின் அபிப்பிராயம். அதற்குப் பதில் சொல்ல நான் இன்றுவரை முயன்றதில்லை.

இந்த வாளுக்கு ஒரே பகைவன் குற்றாலத்துச் சாரல். ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாக ஈரக்காற்று புறப்பட்டு வந்துவிடும். ஊரெல்லாம் அருவிக் குளியலைப் பற்றிப் பேசும்போது எனக்கு மட்டும் துருவைப் பற்றிய கவலை. இந்த எஃகு எவர்சில்வர் ஜாதி அல்ல. வருகிற விருந்தாளி ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். நாலாம் நாள் அவருடைய ஐந்து விரலும் செம்பழுப்பு நிறத்தில் அங்கே பதிந்திருக்கும். ஆகவே தொட்டவர் போனதும் துணியால் துடைத்துவிட வேண்டும். பிறகு தையல் மிஷின் எண்ணெயை மெல்லிசாகப் பூச வேண்டும். தேங்காயெண்ணெய் கூடாது; நாளானால் பிசுக்காகித் தூசியைச் சேர்க்கும். கூண்டின் உட்புறம்தான் பெரிய சோதனை. அங்கே பழைய பல் பிரஷ் ஒன்றுதான் நுழையும். தோலுறையில் போட்டு வைப்பது வாளுக்குச் செய்யும் உபகாரம் என்று பலர் நினைக்கிறார்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே அலகு கெட்டுப் போகும். எனவே என் வீட்டில் உறை ஓர் ஆணியிலும் வாள் ஓர் ஆணியிலும் தனிக்குடித்தனம் நடத்துகின்றன.

ஒரு வருஷம் கூண்டு ஆட்டம் கொடுத்தது. அருவாள் அடிக்கும் பட்டறைக்கு எடுத்துப் போனேன். கொல்லர் குமிழைத் திருகிக் கழற்றி, உள்ளே ஒரு தோல் வில்லையை வெட்டி வைத்து, மறுபடி இறுக்கிக் கொடுத்தார். பிறகு அலகின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இத வச்சு என்ன செய்வீக, அண்ணாச்சி?" என்றார்.

"சும்மா பார்த்துக்கிட்டு இருப்பேன்."

"நல்லதுதான். நம்ம பக்கம் அடிக்கிற இரும்புல கொஞ்சம் சும்மா கெடந்தாலும் தேவலதான்" என்றார்.

அவர் சிரிக்கவில்லை. அருவாள் வயலுக்குப் போகிறதா, வேறெங்கே போகிறது என்ற கவலை அவருக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும்.

இவ்வளவு பராமரிப்பும் சுலபம். கஷ்டமான காரியம் ஒன்று உண்டு. வருகிறவர்களில் பாதிப்பேர், "தாத்தா காலத்து வாளா?" என்று கேட்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த பெரியவர் ஒருவர் கேள்விகூடக் கேட்கவில்லை. தாமே கதையை ஆரம்பித்துவிட்டார். பூலித்தேவர் காலத்தில் நெற்கட்டும்செவல் பக்கம் எத்தனையோ வீரர்கள் இருந்தார்கள். அவர்களில் என் பாட்டனாரின் பாட்டனாரும் ஒருவராக இருந்திருப்பார். எனக்கிருந்த வேலை தலையை ஆட்டுவது மட்டுமே. நான், "இல்லைங்க, கடையில் வாங்கினது" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "அதச் சொல்லாமலே இருந்திருக்கலாம்லா" என்று வருத்தப்பட்டார்.

சரித்திரத்தை எடுத்துப் பார்த்தால் அசல் வாள் ஏன் அரிது என்பது தெரியும். 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801ல் ஊமைத்துரையின் போரும் ஒடுங்கியது. அந்த டிசம்பரிலேயே சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பாளையங்களில் ஆயுதம் கூடாது என்று பிரகடனம் செய்தார். ஸ்காட்லாந்து மலைநாட்டாருக்கும் இதே கதிதான்; 1746ல் கலோடன் போரில் தோற்ற பிறகு அவர்களுடைய வாளையும் உடையையும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இரண்டு மலையடிவாரங்களிலும் ஒரே கை வாளைப் பிடுங்கியிருக்கிறது. இந்த ஒற்றுமைதான் என்னை வாங்க வைத்தது என்று சொல்லலாம்.

அசல் என்று நாம் கும்பிடுகிற வாளாவது சுத்த அசலா? மலைநாட்டாருடைய வாள்கள் பலவற்றின் அலகு ஜெர்மனியில் ஸோலிங்கன் நகரில் அடித்தது. பிடியை மட்டும் உள்ளூரில் சேர்த்தார்கள். அதே ஸோலிங்கன் அலகுகள் கப்பலேறி நம் தேசத்துக்கும் வந்தன. நம்மவர்கள் கையை மறைக்கும் பிடியைப் பூட்டி, ‘பிரங்கி’ என்று பெயர் வைத்தார்கள். பரங்கிக்காய்க்கும் பரங்கிமலைக்கும் கிடைத்த அதே பெயர். எழும்பூர் மியூசியத்தில், தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்களைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். வாளுக்கே பூர்வோத்தரம் கலப்பாக இருக்கும்போது, அதை வைத்து மனிதன் பூர்வோத்தரம் பேசுவது வேடிக்கை.

வேடிக்கையோடு நின்றால் பரவாயில்லை. நான் தலையை ஆட்டியிருந்தால் எனக்கு வாளேந்திய பாட்டனார் ஒருவர் கிடைத்திருப்பார். அவர் யாரோடு போரிட்டார் என்று அடுத்த கேள்வி வரும். எதிரிக்கும் ஒரு பாட்டனாரை நியமிக்க வேண்டும். அந்தப் பாட்டனாரின் பேரன் அடுத்த தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பான். இல்லாத போருக்கு இருக்கிற மனிதர்கள் கணக்குத் தீர்க்கப் புறப்படுவார்கள். எங்கள் சீமையில் திருவிழாப் போஸ்டர்களில் வாள்கள் பெருகி வருவதைப் பார்க்கிறவர்களுக்கு நான் மிகைப்படுத்தவில்லை என்பது தெரியும்.

என் பேரனுக்கு வாள்மீது ஆசை அதிகம். எனக்குப் பிறகு அவனிடம்தான் போகும். அவன் காலத்திலும் யாராவது பெரியவர் வந்து கதையை ஆரம்பிப்பார். அதற்காக, வாங்கிய கடையின் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அச்சு மங்கிவிடும் என்று மையால் ஒரு பிரதியும் எழுதி, தேதியும் விலையும் போட்டிருக்கிறேன். சாரல் ஓய்ந்து வாளுக்கு எண்ணெய் பூசும் நாளில், அந்தக் காகிதத்தையும் சற்று வெயிலில் காட்டி எடுத்து வைக்கிறேன்.