கானாவில் தாகம் எடுத்தால்...

அக்ரா நகரின் பெரிய சாலைச் சந்திப்புகளில் சிவப்பு விளக்கு விழுந்ததுமே, 'ப்யூர் வாட்டர்... ப்யூர் வாட்டர்!' என்ற குரல் கேட்கத் தொடங்கிவிடும். தலையில் அகலமான பேசின், அதில் சில்லென்ற தண்ணீர் பாக்கெட்டுகள். கையால் பிடிக்காமலே அதைச் சுமந்தபடி பெண்கள் வண்டிகளுக்கு நடுவே வேகமாக வருவார்கள். 'ட்ரோட்ரோ' எனப்படும் வேனின் ஜன்னல் வழியே காசு வெளியே போகும். பாக்கெட் உள்ளே வரும். மூலையைப் பல்லால் கடித்து உறிஞ்சினால், அரை லிட்டர் நொடியில் காலி!

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவுக்கு வேலை, வியாபாரம், சுற்றுலா என்று எதற்குப் போனாலும் முதல் நாளே எழும் கேள்வி இது: 'இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?'

குடிக்கலாம். ஆனால், பார்த்துக் குடிக்க வேண்டும்.

பாக்கெட் வந்த கதை

முன்பெல்லாம் கானாவின் சந்தைகளிலும் பேருந்து நிலையங்களிலும் வாளித் தண்ணீரை ஒரே குவளையில் மொண்டு விற்பார்கள். எல்லோருக்கும் அதே குவளைதான். பிறகு, பாலிதீன் பையில் தண்ணீரை ஊற்றிக் கையால் முடிச்சுப் போட்டு விற்றார்கள். 1990-களின் பிற்பகுதியில்தான் இயந்திரத்தில் நிரப்பி ஒட்டப்பட்ட பாக்கெட் வந்தது. கை படாத தண்ணீர் என்பதால் 'ப்யூர் வாட்டர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அங்கே வீடுகளிலும் மூட்டையாக வாங்கி வைத்துக் குடிப்பது இதைத்தான்.

குழாய்த் தண்ணீர் எப்படி?

அக்ராவுக்குத் தண்ணீர் முக்கியமாக இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, டென்சு ஆற்றின் வெய்ஜா அணை. இன்னொன்று, வோல்டா ஆற்றின் க்பாங். இரண்டு இடங்களிலும் சுத்திகரித்துத்தான் அனுப்புகிறார்கள். வழியில்தான் சிக்கல். பல பகுதிகளில் நாள் முழுக்கத் தண்ணீர் வருவதில்லை. குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில், விரிசல் வழியே வெளியே உள்ள அழுக்கு நீர் உள்ளே கசியும்.

அதனால் வீட்டுக்கு வீடு தொட்டி. நாம் எந்தத் தொட்டியையும் 'சின்டெக்ஸ்' என்கிறோமே, அதுபோல அவர்களுக்கு அது 'பாலிடேங்க்'. தண்ணீர் பிடிக்கும் மஞ்சள் கேன்களுக்கும் ஒரு பெயர் உண்டு: 'குஃபோர் கேலன்'. 2001 முதல் 2009 வரை அதிபராக இருந்த ஜான் குஃபோரின் காலத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது, மக்கள் கிண்டலாக வைத்த பெயர் இது.

தொட்டியை எப்போது கழுவினார்கள் என்பது விருந்தாளிக்குத் தெரியாது. எனவே குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். நன்கு தளதளவெனக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் போதும். பல் துலக்கவும் அதே தண்ணீர்தான். 2014-ல் கானாவில் பரவிய காலராவால் 28,000-க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள். 240-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அலட்சியம் வேண்டாம்.

பாக்கெட் வாங்கும்போது...

* தயாரிப்பாளர் பெயரும், உணவு மற்றும் மருந்து ஆணையத்தின் பதிவு எண்ணும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் அச்சிடாத வெறும் பை என்றால் வேண்டாம்.

* லேசாக அழுத்திப் பாருங்கள். கசிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

* வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் கடையைத் தவிர்த்து, நிழலில் வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள்.

* உள்ளே இருக்கும் தண்ணீர் சுத்தமாக இருந்தாலும், பை பல கைகள் மாறி வந்தது. பேசினில் உருகிய ஐஸ் நீரிலும் கிடந்தது. வெளிப்புறத்தைத் துடைத்து, கத்தரியால் வெட்டி, சொந்த பாட்டிலில் ஊற்றிக் குடியுங்கள். பல்லால் கடிக்கும் பழக்கம் நமக்கு வேண்டாம்.

* பாட்டில் வாங்கினால் மூடியின் சீல் உடையாமல் இருக்க வேண்டும்.

* செம்பருத்தி வகைப் பூவில் செய்யும் 'சோபோலோ' பானம் அருமையாக இருக்கும். எந்தத் தண்ணீரில் செய்தது, ஐஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கொதிக்கவைத்தாலும் போகாதது

தலைநகரைத் தாண்டினால் வேறு விஷயங்களும் உண்டு. அனுமதியில்லாமல் தங்கம் தோண்டுவதை அங்கே 'கலம்சே' என்கிறார்கள். தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுத்துகிறார்கள். சேறு கலந்து, பிரா போன்ற ஆறுகள் டீ நிறத்தில் ஓடுகின்றன. 2024-ல் சேறு மிக அதிகமானதால், கேப் கோஸ்ட் பகுதிக்கான சுத்திகரிப்பு நிலையமே உற்பத்தியைக் குறைக்க வேண்டியதாயிற்று. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், பாதரசம் போகாது. அந்தப் பக்கம் போனால் பாக்கெட் அல்லது பாட்டில் தண்ணீரே நல்லது.

வோல்டா ஏரி பார்க்கக் கடல்போல் இருக்கும். 1965-ல் கட்டி முடித்த அகோசோம்போ அணையால் உருவானது. கரையோரம் கால் நனைக்க ஆசை வரும். ஆனால், அங்கே நத்தைகளிலிருந்து வெளிவரும் ஒட்டுண்ணி, தோலைத் துளைத்து உடலுக்குள் போய் பில்ஹார்சியா என்ற நோயைத் தரும். படகில் போங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை.

துணியால் வென்ற நாடு

நம் ஊர் பெரியவர்களைக் கேட்டால் 'நரம்புச் சிலந்தி' நோயைச் சொல்வார்கள். குளத்து நீரைக் குடித்தவரின் காலிலிருந்து நீளமாகப் புழு வெளிவரும் கொடுமை அது. இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக 2000-ல் சான்று பெற்றது. கானாவில் 1989-ல் சுமார் 1,80,000 பேருக்கு அந்த நோய் இருந்தது. கிராமம் கிராமமாகத் துணி வடிகட்டி கொடுத்தார்கள். புழு வெளிவரும் காலோடு குளத்தில் இறங்காதபடி பார்த்துக்கொண்டார்கள். 2010 மே மாதத்தோடு புதிய நோயாளிகள் இல்லை. 2015 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது.

வயிறு கெட்டுவிட்டால்

பெட்டியில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி குடியுங்கள். மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, குழந்தை சிறுநீர் கழிக்காமல் இருப்பது இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் வந்தால் மலேரியா பரிசோதனையும் அவசியம்.

தண்ணீருக்கும் மரியாதை உண்டு

அக்கான் மக்களின் வீட்டுக்குப் போனால் முதலில் தண்ணீர் தருவார்கள். குடித்த பிறகுதான், 'என்ன விஷயமாக வந்தீர்கள்?' என்று கேட்பார்கள். இதற்கு 'அமனே' என்று பெயர். நீட்டிய தண்ணீரை முகம் சுளித்துத் தள்ளினால் அவர்கள் மனம் புண்படும். வலது கையால் வாங்குங்கள். இடது கையை நீட்டுவது அங்கே மரியாதைக் குறைவு. 'மெடாசே' என்று நன்றி சொல்லுங்கள். குவளைத் தண்ணீர் எனத் தயக்கமாக இருந்தால், 'எனக்கு வயிறு சரியில்லை, ப்யூர் வாட்டர் இருக்குமா?' என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். தவறாக நினைக்க மாட்டார்கள். அவர்களும் அதைத்தானே குடிக்கிறார்கள்!