இறகு கொட்டும் கோழி

கோழியின் இறகு நிலையானதல்ல. பழையது உதிர்ந்து புதியது முளைத்தபடிதான் அதன் ஆயுள் போகிறது. குஞ்சின் பஞ்சுத்தூவி சில வாரங்களில் இறகாக மாறுகிறது. பருவத்துக்கு வருவதற்குள் அந்த இறகும் படிப்படியாக மாறிவிடும். இவையெல்லாம் யார் கண்ணிலும் படாமல் நடந்து முடிபவை. வளர்ப்பவரைக் கலங்கவைப்பது, பெட்டைக்கு ஏறக்குறைய ஒன்றரை வயதாகும்போது வரும் முதல் முழு உதிர்ப்பு. மினுமினுப்பாகத் திரிந்த கோழி கழுத்துத் தோல் தெரிய, வால் இல்லாமல், கொண்டை சுருங்கி வெளிறி ஒதுங்கி நிற்கும். முட்டையும் நின்றுபோகும். நாமக்கல், ஈரோடு பக்கத்துப் புழக்கடைகளில் இதைச் சீக்கு என்று நினைத்து வந்த விலைக்குத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. இது சீக்கு அல்ல, உடல் எடுத்துக்கொள்ளும் ஓய்வு.

இறகில் பெரும்பங்கு, நூற்றுக்கு 85-க்கும் மேல், புரதம். அதிலும் கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் நிறையத் தேவைப்படும் கெரட்டின் புரதம். முட்டைக்கும் புரதம் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்க உடலால் முடியாது. அதனால் முட்டைக்கான ஹார்மோன்கள் தணிகின்றன, கருக்குழாய் சுருங்குகிறது, தைராய்டு சுரப்பு இறகு வளர்ச்சிக்குத் துணைபோகிறது. குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்தில் பகல் குறுகுவதே இதற்குத் தூண்டுதல்; அங்கே கூட்டம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றாகவே இறகு உதிர்க்கும். தமிழ்நாட்டில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம்போலத்தான் வித்தியாசம். இங்கே ஒரே புழக்கடையில் ஒன்று கொட்டிக்கொண்டிருக்கும்போது மற்றொன்று முட்டையிடும், இன்னொன்று அடையில் கிடக்கும். தண்ணீர் வற்றிப்போவது, தீவனம் திடீரென்று குறைவது, கடும் வெயில், நாய் புகுந்து விரட்டிய பயம் ஆகியவையும் அகாலத்தில் இறகைக் கொட்டவைக்கும். அப்போது முதலில் சரிசெய்ய வேண்டியது அந்தக் காரணத்தைத்தான்.

உதிர்ப்புக்கு ஒரு வரிசை உண்டு. தலையில் தொடங்கிக் கழுத்து, மார்பு, உடல், சிறகு என்று இறங்கி வாலில் முடியும். கோழி வளர்ப்பில் கைதேர்ந்த பெண்கள் பார்ப்பது சிறகைத்தான். அந்தி சாய்ந்து கோழி அடைந்த பிறகு, சத்தமில்லாமல் இரு கையாலும் தூக்கி மடியில் அணைத்துக்கொண்டு, ஒரு சிறகை விசிறிபோல் விரிக்கிறார்கள். நடுவில் ஒரு குட்டை இறகு தனித்துத் தெரியும். அதற்கு வெளிப்புறம் இருப்பவை பெரும்பாலும் பத்துப் பெரிய இறகுகள். அந்தக் குட்டை இறகை ஒட்டியது முதலில் விழும். பிறகு ஒவ்வொன்றாக வெளிநோக்கிப் போகும். விழுந்த இடத்தில் புதியது முழுதாக வளர ஆறு வாரம்போல ஆகும். அதில் முதல் மூன்று வாரத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு வளர்ந்துவிடும். எது முழு நீளம், எது பாதி, எது இப்போதுதான் முளை என்று விரலால் தடவினாலே உதிர்ப்பு எப்போது தொடங்கியது, இன்னும் எவ்வளவு நாள் என்பது புலப்படும்.

கோழியின் தரமும் அங்கேயே தெரிகிறது. குறைவாக முட்டையிடும் கோழி சீக்கிரமே உதிர்க்கத் தொடங்கி, ஒவ்வோர் இறகாகப் போட்டு, நான்கு முதல் ஆறு மாதம் வரை இழுத்தடிக்கும். நன்றாக முட்டையிடுவது கடைசிவரை இட்டுவிட்டு, இரண்டு மூன்று இறகுகளை ஒன்றாகப் போட்டு, இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிடும். ஆகவே கூட்டத்திலேயே பார்க்கச் சகிக்காமல் மொட்டையாக நிற்பது, அந்த வீட்டின் நல்ல கோழியாக இருக்க வாய்ப்பு அதிகம். வியாபாரி குறிவைப்பதும் அதைத்தான். நேரில் பார்த்த ஒரு பேரம் இப்படிப் போனது: “ஏனுங்க்கா, மசுரு கொட்டுன கோழி இனி எங்கீங்க முட்டை வெக்கப் போகுது? குடுத்துருங்க.” “போன வாரம் வரைக்கும் முட்டை வெச்ச கோழி தம்பி இது. முளைச்சதும் மறுபடி வெக்கும். நீ வேணும்னா அந்தக் கறுப்பைப் புடிச்சுட்டுப் போ.” கறுப்புக் கோழி முட்டையை நிறுத்தி மாதக்கணக்காகியும் இறகை ஒவ்வொன்றாகத்தான் போட்டுக்கொண்டிருந்தது.

புது இறகு முள் மாதிரி வெளிவரும். நீலம் பாய்ந்த உறைக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். தொட்டால் கோழிக்கு வலிக்கும். முறிந்தால் ரத்தம் கொட்டும். வளர்ந்ததும் உறை காய்ந்து உடைந்து, அடையும் கம்புக்குக் கீழே பொடுகு போல வெள்ளையாக விழுந்துகிடக்கும். அந்த வெள்ளைத் தூள் கண்ணில் பட்டால் காரியம் ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். இந்தக் காலத்தில் கோழியைத் தேவையின்றிப் பிடிப்பதும், வேறிடம் மாற்றுவதும், புதுக் கோழிகளைக் கூட்டத்தில் விடுவதும் கூடாது. ரத்தம் கண்ட கோழியை மற்றவை கொத்தும். அதை உடனே தனிப் பஞ்சாரத்தில் போட்டு மூட வேண்டும்.

எல்லா மொட்டையும் இறகு உதிர்ப்பு அல்ல. முதுகில் மட்டும் இறகு போயிருந்தால் சேவல் மிதித்தது. ஆசனவாயைச் சுற்றிப் போயிருந்தால் பேனோ செள்ளோ இருக்கும்; இறகை விலக்கினால் அடிக்காம்பில் ஈர் அப்பியிருக்கும். மார்பு மட்டும் வெறுமையாக இருந்தால் அடைக்கோழி தானே பிடுங்கியது. முளையே இல்லாமல் வழுவழுப்பாக இருந்தாலும், வெள்ளையாகக் கழிந்தாலும், கழுத்து திருகினாலும், இரை எடுக்காவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே சரி. உதிர்க்கும் கோழி சோர்ந்திருக்குமே தவிர இரையை விடாது.

அதற்குக் கொடுக்க வேண்டியது புரதம். கம்பும் சோளமும் மட்டும் போதாது. கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத்தூள், அசோலா ஆகியவற்றைச் சேர்க்கலாம். பூஞ்சை பிடித்த புண்ணாக்கு மட்டும் ஈரலைக் கெடுக்கும். காசில்லாமல் கிடைப்பது கறையான். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் திணித்து நீர் தெளித்து, மாலையில் புற்றுள்ள மண்ணில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறைந்திருக்கும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் புரள்வதற்குச் சாம்பல் கலந்த மண்ணும் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் இறகில்லாத கோழியை நனையவிடக் கூடாது.

நாமக்கல்லின் முட்டைப் பண்ணைத் தொழிலில் இதே இயல்பை வேறு விதமாகப் பயன்படுத்திய வழக்கம் உண்டு. முட்டை குறைந்த கோழிகளுக்குப் பல நாள் தீவனத்தை நிறுத்தி, எல்லாவற்றையும் ஒன்றாக இறகு கொட்டவைத்து, மறுசுற்று முட்டைக்குத் தயார்செய்வது அது. பட்டினி போடும் இந்த முறை, 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு விரோதமானது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2011-இல் அறிவுறுத்தியது. அந்த அறிவுறுத்தல் முழுக்க நியாயமானது. ஓய்வு என்பது பசி அல்ல.

உதிர்ப்பு முடிந்ததன் முதல் அடையாளம் கொண்டையில் தெரியும். வெளிறியது சிவந்து நிமிரும். கோழி மூலை முடுக்கெல்லாம் முட்டையிட இடம் தேடும். கிளிஞ்சல்தூளைத் தீவனத்தில் மறுபடி கூட்ட வேண்டிய நேரம் அதுதான். இரண்டாம் ஆண்டில் முட்டைகளின் எண்ணிக்கை முதலாண்டைவிடச் சற்றுக் குறைந்திருக்கும். முட்டை பெரிதாக இருக்கும்.