அம்மாச்சியின் ஒலிநாடா

சென்ற கோடை விடுமுறையில் அம்மாச்சியின் டிரங்குப் பெட்டியை ஒழுங்கு செய்கையில் பழைய ஒலிநாடா ஒன்று கிடைத்தது. ‘டிஸ்கோ தீவானே’ என்றிருந்தது.

“நாஸியா ஹசன் பாடியது. கராச்சியில் பிறந்தவள், நானும் அவளும் அதே 1965இல் பிறந்தவர்கள்” என்றார்கள் அம்மாச்சி.

1980இல் ‘குர்பானி’ படத்தில் பாடிய ஒரே பாட்டால் நாஸியா இந்தியா முழுவதும் புகழ் பெற்றாராம். அதற்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. அப்போது அவர் லண்டனில் வாழ்ந்த பள்ளி மாணவி! மறு ஆண்டு, பெங்களூரில் பிறந்த பிட்டு அப்பையாவின் இசையில், தம்பி ஸோஹேப்புடன் சேர்ந்து பாடிய முதல் தொகுப்பே இந்த ஒலிநாடா.

நான் திடுக்கிட்டேன். அரசுத் தேர்வைக் காரணம் காட்டிப் பாடகர் குழுவிலிருந்து விலகியிருந்தேன்.

“பாடினால் படிப்புக் கெடாதா, அம்மாச்சி?”

“அவள் பிறகு சட்டமும் படித்தாளே! நான் பயந்து பாட்டை நிறுத்தினேன். படிப்பும் பத்தாம் வகுப்போடு நின்றது” என்றார்கள். குரல் தழுதழுத்தது.

2000ஆம் ஆண்டில், 35 வயதிலேயே நாஸியா புற்றுநோயால் மறைந்தார். அவர் குரலோ இன்னும் இளமையாகவே ஒலிக்கிறது.

பள்ளி திறந்த அன்றே சிஸ்டரிடம் சென்று, என் பெயரை மீண்டும் சேர்க்கும்படி வேண்டினேன். அன்புத் தோழியரே, ஆண்டு விழாவில் நான் பாடும்போது, முன்வரிசையில் அம்மாச்சி அமர்ந்திருப்பார்கள்.

– பதினோராம் வகுப்பு மாணவி