மிச்சமான தண்ணி யாருக்கு?

போன வாரம் சென்னையில இருந்து ஒரு நண்பர் குடும்பத்தோட தோட்டத்துக்கு வந்திருந்தார். மஞ்சளுக்கு நடுவுல ஓடுற கருப்புக் குழாய்களைப் பார்த்துட்டு, "சொட்டுநீர் போட்டுட்டீங்க, இனி தண்ணிப் பிரச்சினையே இல்லைதானே?" என்று கேட்டார். "ஆமாங்க"ன்னு தலையாட்டிட்டேன். அவர் கிளம்பினதுக்கு அப்புறம் மனசு கேக்கலை. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கொஞ்சம் பெருசு. அதான் இந்தப் பதிவு.

எங்க ஊர் ஈரோடு மாவட்டத்துல, கீழ்பவானி வாய்க்காலுக்கு மேட்டுப்பக்கம். வாய்க்காலுக்குக் கீழே இருக்கறவங்களுக்கு வயல். மேலே இருக்கற எங்களுக்கு, கெணறு இருந்தா தோட்டம், இல்லைன்னா காடு. காடுன்னதும் யானை, புலின்னு நெனச்சுக்காதீங்க. கொங்குப் பக்கம் காடுன்னா மழையை நம்பி விதைக்கிற மானாவாரி நிலம்.

எங்க கெணறு தாத்தா காலத்துல வெட்டினது. அப்போ எருது பூட்டி கவலை ஓட்டினாங்க. இப்போ 5 குதிரைத்திறன் மோட்டார். பாகம் பிரிச்சப்போ நிலத்தைக் கோடு போட்டுப் பிரிச்சாங்க, கெணத்தை எப்படிப் பிரிக்கறது? எனக்குப் பாதி, எங்க பெரியப்பா மகன் அண்ணனுக்குப் பாதி. ஒரே சர்வீஸ், ஒரே மோட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. பத்திரத்திலேயே எழுதியிருக்கு.

நகரத்துல இருக்கற உங்களுக்காக ஒரு சின்ன கணக்கு. ஒரு ஏக்கர் நிலத்துல ஒரு அங்குலம் தண்ணி நிறுத்தணும்னா சுமார் 1 லட்சம் லிட்டர் வேணும். எங்க கெணறு 30-க்கு 30 அடி சதுரம். அதுல ஒரு அடி எறங்கினா 25,000 லிட்டர் போச்சுன்னு அர்த்தம். அப்போ ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம் பாய, கெணத்துல 4 அடி எறங்கணும். பாத்தியில தண்ணி கட்டும்போது ஒரு அங்குலத்தோட எங்க நிக்குது?

என் மஞ்சள் 2 ஏக்கர். மும்முனை கரண்டு ராத்திரியில வந்தா, டார்ச்சும் மம்முட்டியுமா போய் மடை திருப்பணும். கால்ல ஏதாவது நெளிஞ்சா அது தண்ணிப் பாம்பா, வேறயான்னு பார்க்கவே நேரம் இருக்காது. அதனாலதான் சொட்டுநீருக்கு மனு போட்டேன். தமிழ்நாட்டுல 5 ஏக்கருக்கு உட்பட்ட சிறு, குறு விவசாயிகளுக்கு இதுக்கு 100 சதவீத மானியம், மத்தவங்களுக்கு 75. சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று எல்லாம் கொடுத்து, குழாயும் வந்து சேர்ந்தது.

முதல் வருஷம் சொர்க்கம். நாள் முழுக்க கட்டின தண்ணி மூணு மணி நேரத்துல முடிஞ்சுது. களை குறைஞ்சுது. அணில் கடிச்ச ஓட்டையை அடைக்கறதும், உப்பு அடைச்ச துளைகளுக்கு ஆசிட் விடறதும்தான் புது வேலை. ராத்திரி நிம்மதியா தூங்கினேன்.

தப்பு அதுக்கப்புறம்தான். முறை நாள்ல மூணு மணி நேரம் போக மீதி நேரம் மோட்டார் சும்மா நிக்குது. சும்மா நிக்கறதைப் பார்க்க விவசாயிக்கு மனசு வராதுங்க. சோளம் விதைக்கிற ஒன்றரை ஏக்கர் காட்டுக்கும் குழாயை இழுத்து வாழை வெச்சேன். விவசாயத்துக்குக் கரண்டு இலவசம். பில்லு வந்தாலாவது ஸ்விட்சைப் போடறப்போ கை தயங்கும். இங்கே தயங்க ஒண்ணுமே இல்லை.

மஞ்சள் மாசியில வெட்டியாச்சு. வாழை வெட்ட முடியுமா? சித்திரை வெயில்ல தார் தள்ளி நின்னுச்சு. கெணத்துல தண்ணி கீழே போய்க்கிட்டே இருந்துச்சு. ஒருநாள் காலையில போனா அண்ணன் கெணத்து மேட்டுல உக்காந்திருக்கார். அவரோட தென்னையில மட்டையெல்லாம் தொங்குது, அடியில குரும்பை கொட்டிக் கெடக்குது.

"தம்பி, ரெண்டு மாட்டை வித்துப்போட்டு போர் போடலாம்னு இருக்கறேன்" என்றார்.

எனக்குப் பகீர்னுச்சு. எங்க ஊர்ல ஆயிரம் அடி ஓட்டியும் வெள்ளைப் புழுதி மட்டும் கண்ட போர்கள் இருக்கு. அந்த ரெண்டு மாட்டுப் பால்லதான் அவர் வீட்டுச் செலவே ஓடுது. அப்படியே தண்ணி விழுந்தாலும், பக்கத்துல இருக்கற கெணத்து ஊத்து என்னாகும்?

"நான் என் முறையிலதானுங்கண்ணா ஓட்டறேன்" என்றேன். கேக்காத கேள்விக்கு நானே பதில் சொன்னேன் பாருங்க.

"தப்புன்னு சொல்லலை. முன்னே நீ பாத்தியில கட்டுனே. அதுல கொஞ்சம் மண்ணுல எறங்கி மறுபடி கெணத்துக்கே வந்துச்சு. இப்போ ஒரு சொட்டு திரும்பறதில்லை. நீ சொட்டுநீர் போட்டப்போ, மிச்சமாகற தண்ணி கெணத்துல நிக்கும்னு நெனச்சேன். அது உன் வாழைக்குப் போயிருச்சு."

எனக்குப் பேச வாய் வரலை. குழாய் சொன்னபடிதான் வேலை செஞ்சுது. மிச்சம் புடிச்சதை நான்தான் செலவு பண்ணியிருக்கேன், அதுவும் ரெண்டு பேர் பேருல இருக்கற கணக்குல இருந்து.

ரெண்டு நாள் அண்ணன் மூஞ்சியில முழிக்கலை. மூணாம் நாள் ஒரு பெயிண்ட் டப்பாவோட போனேன். "போர்க்காரனை வரச் சொல்லாதீங்கண்ணா, ஒரு வருஷம் இதைப் பார்க்கலாம்" என்றேன். ரெண்டு பேருமா எறங்கி கெணத்துச் சுவர்ல அடிக்கு அடி கோடு போட்டோம். கீழே ஒரு செவப்புக் கோடு. முறை யாருடையதா இருந்தாலும் தண்ணி அந்தக் கோட்டைத் தொட்டா மோட்டாரை நிறுத்திரணும். கரண்டு இருந்தாலும் சரி, பயிர் வாடினாலும் சரி. "2 லட்சம் ஏக்கர் கீழ்பவானிக்கே முறை வெச்சுத்தான் தண்ணி விடறாங்க, நம்ம ரெண்டு பேருக்கு முடியாதா"ன்னார் அண்ணன்.

சும்மா முடியலைங்க. அந்த வருஷம் என் தார் சிறுத்துப்போச்சு, வியாபாரி பாதி விலைதான் கொடுத்தார். தார் வெட்டினதும் ஒரு ஏக்கர்ல பக்கக்கன்னை விடாம கட்டையைத் தோண்டி எடுத்துட்டு, பழையபடி சோளம் விதைச்சேன். தட்டு அண்ணன் மாட்டுக்கு. அவரும் தென்னைக்குச் சொட்டுநீர் போட்டார், ஆனா புதுசா ஒரு மரம்கூட வெக்கலை. மாடு ரெண்டும் கொட்டாயிலதான் நிக்குது.

இந்தச் சித்திரையில தண்ணி செவப்புக் கோட்டுக்கு ரெண்டு அடி மேலே நின்னுச்சு. போன வருஷம் மழையும் நல்லா இருந்துச்சு, அதையும் சொல்லணும். மழை பொய்ச்ச வருஷத்துல கோடு நிக்குமா, எங்க பேச்சு நிக்குமான்னு இனிமேதான் தெரியும்.

அடுத்த தடவை அந்த நண்பர் வந்தா, குழாயைக் காட்டறதுக்கு முன்னாடி கெணத்துகிட்டதான் கூட்டிட்டுப் போகணும்.