ஒருவருக்கே உரிய தீவு

கடலை அறியாத ஊர் கோவிந்தாபுரம். ஒருபுறம் முதலமடை மாந்தோப்புகள், மறுபுறம் பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலை, அதன் குறுக்கே சோதனைச் சாவடி, அப்பால் நீலநிறமாய் நிற்கும் மலைத்தொடர். உப்புக்காற்றே வீசாத இவ்வூரின் திண்ணையொன்றில் அமர்ந்து நாம் இளமையில் அடிக்கடி கேட்ட கதை ஒரு தீவைப் பற்றியது. சொன்னவர் நம் தந்தையார்.

தென்னிலங்கையில், தெனியாயாவை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர் அவர். சிறுவனாயிருந்தபோது பாட்டனாருடன் காலி நகருக்குச் சென்று திரும்பும் வழியில், வெலிகம என்னும் ஊரில் பேருந்து மாறக் காத்திருந்தனராம். கரையிலிருந்து கூப்பிடு தொலைவில் கடலுக்குள் ஒரு சிறு குன்று, குன்றின் மேல் வெண்ணிற மாளிகை, மாளிகையில் விளக்கொளி. "அது யாருடையது?" என்று சிறுவன் கேட்க, "யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரையுடையது" என்றாராம் பாட்டனார். "வீடா?" "வீடு மட்டுமில்லேடா, தீவே அவருதுதான்." கதையின் இவ்விடத்தில் தந்தையார் சற்று நிறுத்துவார். "ஒரு ஆளுக்கு ஒரு தீவுப்பா" என்று நம்மைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். அதற்குமேல் கதை நீண்டதில்லை.

அவர் மறைந்த பின்னரே அத்தீவின் வரலாற்றைத் தேடிப் படித்தோம்.

காலிக்கும் மாத்தறைக்கும் இடையே, பிறைபோல் வளைந்த விரிகுடாவின் கரையில் அமைந்தது வெலிகம. மணலூர் என்பது அப்பெயரின் பொருள். தீவின் பழைய சிங்களப் பெயர் கல்துவ. கல்தீவு என நாம் எளிதில் பொருள் கொள்ளலாம். பரப்பு ஏறத்தாழ 2½ ஏக்கர். நம்மூர்ப் பக்கத்தில் ஒரு சிறு மாந்தோப்பின் அளவுகூட இராது. ஆழமற்ற கடல்தான் இடையே கிடப்பது. நீர் வற்றும் வேளையில் முழங்காலளவு நனைந்து நடந்தே சென்றுவிடலாம். பிடித்த பாம்புகளைக் கொல்ல மனமின்றிக் கொண்டுவிடும் இடமாக முன்னர் அது இருந்தது என்று சொல்வாருண்டு.

பாம்புக்கு விட்ட பாறையை மாளிகையாக்கியவர் மொரீஸ் தல்வாந்த் என்னும் பிரெஞ்சுக்காரர். 1866-இல் பிறந்தவர், தம்மைக் 'கவுண்ட் த மோனி' என அழைத்துக்கொண்டவர். அப்பட்டத்திற்கு அவர் உண்மையில் உரியவர்தாமா என ஐயுற்றோரும் உளர். (கடல் தாண்டியதும் பட்டம் ஏறுவது எல்லா நாட்டாருக்கும் பொதுவான வழக்கம் போலும்!) ஆங்கிலப் பிரபு குடும்பத்தில் மணம் புரிந்து, பின் இல்லறமும் செல்வமும் கைநழுவி, இலங்கையை வந்தடைந்து, 1920-களில் இத்தீவைக் கண்டு தமதாக்கிக்கொண்டார். எண்கோண மண்டபத்தை நடுவே எழுப்பி, சுவர்களால் அடைக்காமல் எத்திசையிலும் கடல் தெரியுமாறு வீட்டைத் திறந்தே வைத்தார். பாறையிடுக்குகளில் செடிகொடி வளர்த்துத் தோட்டங்கண்டார். 'தப்ரபேனின் தோட்டங்கள்' என்று 1937-இல் ஆங்கிலத்தில் நூலும் வெளியிட்டார். தப்ரபேன் என்பது கிரேக்கர் இலங்கை முழுமைக்கும் வழங்கிய பெயர். தாமிரபரணி என்னும் சொல்லின் திரிபு அஃது என்பர். நம் பொருநையின் பெயர் கிரேக்கர் நாவில் உருமாறி, பெருந்தீவினின்று இறங்கி, இரண்டரை ஏக்கர் பாறையில் வந்து ஒதுங்கிய விந்தையை என்னென்பது!

அவர் உயிர் பிரிந்ததோ தமிழ் மண்ணில். 1941-இல் யாழ்ப்பாணத்தை அடுத்த நாவற்குழிக்குச் சென்றிருந்தபோது மாரடைப்பால் இறந்து, யாழ்ப்பாணத்திலேயே அடக்கமானார். தீவு ஏலத்தில் போயிற்று.

1952-இல் அதை வாங்கியவர் அமெரிக்க எழுத்தாளர் பால் பௌல்ஸ். மொராக்கோ நாட்டில் வாழ்ந்த அவர், குளிர்காலங்களில் இங்கு வந்து தங்கினார். 'சிலந்தியின் வீடு' எனப் பொருள்படும் தம் நாவலை 1955-இல் இத்தீவில் இருந்தே எழுதி முடித்தார். அவர் மனைவிக்கோ வெளவால்கள் மொய்க்கும் அவ்விடம் சற்றும் பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில் பௌல்ஸ் தீவை விற்றுவிட்டார். அதன்பின் கைமாறிக் கைமாறி, இன்று பெருஞ்செல்வர் வாடகைக்குத் தங்கும் மாளிகையாக விளங்குகிறது.

தந்தையார் தீவைக் கண்ட ஆண்டு அவருக்கே உறுதியாகத் தெரியாது. "பண்டாரநாயக்கா வருவதற்கு முன்" என்பார். பண்டாரநாயக்கா பிரதமரானது 1956-இல். ஆகவே அச்சிறுவன் கண்ட விளக்கு, பௌல்ஸ் எழுதிக்கொண்டிருந்த மேசையின் விளக்காகவும் இருந்திருக்கலாம்.

பாட்டனார் காலிக்குச் சென்ற காரணத்தையும் கூறியாக வேண்டும். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றோராயினர். 1949-இல் வந்த மற்றொரு சட்டத்தின்படி விண்ணப்பித்தோர் 8 இலட்சத்திற்கும் மேல். குடியுரிமை பெற்றோர் அவருள் ஆறில் ஒரு பங்கினரே. பாட்டனாரும் விண்ணப்பித்தார். விசாரணைக்கு அழைத்த அலுவலகத்தில், திருமணத்திற்காகத் தமிழ்நாடு சென்று ஓராண்டுக்கு மேல் தங்கியதைச் சுட்டி, தொடர்ந்து வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டனர். தேயிலைச் செடிகளைத் தவிர வேறு சான்று அவரிடம் இல்லை. மனு தள்ளுபடியாயிற்று. அன்று மாலைதான் மகனுக்குத் தீவைக் காட்டினார்.

1964-இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கையெழுத்திட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. நம் குடும்பமும் அக்கணக்கில் அடக்கம். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, உறவினர் இருந்த கோவிந்தாபுரத்தை அடைந்தனர். குடும்ப அட்டை இன்றும் நம் பெட்டியில் உள்ளது.

சென்ற ஆண்டு, அலுவலகத்தில் தடையில்லாச் சான்றுக்கு எழுதிக்கொடுத்து, மூன்று மாதம் கழித்து அது கைக்கு வர, தாயாரையும் உடனழைத்துக்கொண்டு இலங்கை சென்றோம். கொழும்பு அருங்காட்சியகத்தில் காலிக் கல்வெட்டைக் கண்டோம். சீனத் தளபதி செங் ஹோ 1409-ஆம் ஆண்டு நாளிட்டுக் கொணர்ந்த கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியில் பொறிக்கப்பட்டது. தென்கோடித் துறைமுகத்தில் ஊன்றுவதற்குத் தமிழும் வேண்டுமெனச் சீனப் பேரரசர் கருதியிருக்கிறார் என எண்ணியபோது நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. மறுநாள் வெலிகமவில் அந்நிமிர்வு நிலைக்கவில்லை.

தீவு தந்தையார் சொன்னபடியே இருந்தது. நாம் மனத்தில் வைத்திருந்ததைவிடச் சிறியது. நீர் இறங்கியிருந்த நேரம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். தாயார் புடைவையைச் சற்றே தூக்கிச் செருகியபடி நம் தோளைப் பற்றிவந்தார். படித்துறையில் நின்ற காவலாளர் கையைக் குவித்து, மேலே விருந்தினர் உள்ளனர், அனுமதியில்லை என்று சிங்களத்தில் கூறினார். பணிவாகவே கூறினார், அவர்மீது குறையில்லை.

தாயாருக்குச் சிங்களம் மறக்கவில்லை என்பதை அன்றுதான் அறிந்தோம். அவரும் இறக்குவானைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். நாற்பதாண்டுக்கு மேலாக நம் காதில் அம்மொழி விழ அவர் பேசியதில்லை. காவலாளரிடம் என்னவோ சொன்னார். அவர் புன்னகைத்துத் தலையசைத்தார். திரும்பி நடக்கையில் என்ன சொன்னீர்கள் என்று வினவினோம்.

"மேலே வரலே, வீட்டுக்காரருக்குச் சின்ன வயசுலேயே இந்தத் தீவைத் தெரியும், அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்னேன்" என்றார்.

நீர் ஏறத் தொடங்கியிருந்தது. கரையை அடைவதற்குள் இடுப்பளவு நனைந்துவிட்டோம்.