திண்டிவனத்தில் ஒரு காப்பிக் கடைச் சுவர்

திண்டிவனம் என்ற பெயர் 'திந்திரிணி வன'த்திலிருந்து வந்தது என்பார்கள். திந்திரிணி என்றால் புளி. அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே இப்போது எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது! ஏன் என்று கேளுங்கள்.

சென்ற தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக விழுப்புரம் புறப்பட்டோம். காரை ஓட்டியவர் அத்தான். பின் ஸீட்டில் அக்கா; அவள் மடியில் குழந்தை நல்ல தூக்கம்.

திண்டிவனத்தில் காப்பிக்காக நிறுத்தியபோது இருட்டிவிட்டது. கடைச் சுவரில் எங்கள் காரின் வெளிச்சம் இரண்டு வட்டங்களாக விழுந்தது. திடீரென்று அவை மங்கின, மறுபடி பிரகாசித்தன.

"அத்தான், விளக்கு கண் சிமிட்டுகிறதே!"

"போன வாரம்தான் நூறு வாட் பல்பாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன். ரோடே பகலாகிவிடும், பாரேன்! காப்பியைக் குடி."

குடித்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

விழுப்புரம் அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். மயிலம் முருகனைத் தரிசிக்கப் போகிறவர்கள் இறங்கும் கூட்டேரிப்பட்டு வரையில் தொல்லையில்லை. அதைத் தாண்டி, விக்கிரவாண்டி வருவதற்குள், யாரோ ஊதி அணைத்தாற்போல் இரண்டு விளக்குகளும் ஒரேயடியாக அணைந்தன.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். "ஐயோ!" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு கல்யாண மண்டபத்தின் நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தது போலத்தான். நல்ல வேளை, நான்கு மூலையிலும் மினுக்கும் எச்சரிக்கை விளக்குக்கு ஒயர் வேறு. அத்தான் அதைப் போட்டு, பிரேக்கை மெல்ல அழுத்தி, ரோட்டை விட்டு இறக்கி நிறுத்தினார். அந்த மஞ்சள் மினுக்கலில்தான் பார்த்தோம்: முப்பதடி முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று நின்றது. பின்னால் விளக்கு இல்லை. ஒரு சிவப்புத் துணிகூட இல்லை. அக்கா குழந்தையை இறுக்கி அணைத்துக் கொண்டாள். சற்று நேரம் யாருக்கும் பேச்சே வரவில்லை.

உதவிக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தார். கருகல் நாற்றம். "நூறு வாட்டா சார் போட்டீங்க? ஒயர் அதைத் தாங்க வேணாமா?" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். சாதாரண ஹாலஜன் பல்பு 60/55 வாட். ஒயர், ரிலே, பல்பு மாட்டும் சொருகி எல்லாம் அதற்குத் தகுந்த பருமன். பெரிய பல்பு அதிக மின்சாரத்தை இழுக்க, சொருகி சூடேறி இளகுகிறது. முதலில் மினுக்கும், பிறகு கருகும். எதிரே வருகிறவர் கண்ணும் கூசும். (அந்தக் கூச்சத்தைக் குறைக்கத்தான் முன்பெல்லாம் விளக்கின் நடுவில் கறுப்புப் பொட்டு வைத்தார்கள். திருஷ்டிப் பொட்டு என்றே என் பாட்டி நம்பியிருந்தாள்!) ஒரு விளக்குதானே போயிற்று என்றும் இருந்துவிடாதீர்கள். எதிரே வருகிறவர் உங்கள் காரை மோட்டார் சைக்கிள் என்று எண்ணி, போதிய இடம் விடாமல் வந்துவிடுவார்.

நெடுஞ்சாலை உதவிக்கான 1033-க்குப் போன் செய்து, இழுவை வண்டியில் விழுப்புரம் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காருக்குப் புதுச் சொருகி, பழைய 60 வாட் பல்பு.

திரும்பும்போதும் திண்டிவனத்தில் இருட்டிவிட்டது. அதே கடை. அத்தான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக் கொண்டிருந்தார். காப்பி ஆறிப் போயிற்று.